தபாற்பையும் பிரயாணியும்

சென்ற தை மாதத்தில், எமது மாணவர் சிலருடன், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயரை ஈண்டுக் குறிக்கவேண்டுவதில்லை; அத்தகைய ஊர்கள் நம் நாட்டில் பல. பெரிய சாலையினின்றும் ஆறு மைல் உள்ளே, ஓர் ஓடையையும் இரண்டு புளியந்தோப்புகளையும் கடந்து செல்லவேண்டும். நாளொன்றுக்கு இருமுறை அவ்வூருக்குப் பஸ் வந்துகொண்டிருந்தது. காலை வண்டி பால் கேன்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும். மாலை வண்டி பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். நாம் சென்றபோது மாலை வண்டி நின்று நான்கு திங்கள் ஆகியிருந்தன. காரணம் யாதென வினவினோம். "வசூல் இல்லையாம்" என்றார் தேநீர்க்கடைப் பெரியவர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடை வாசலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்த சிறுமியர் இருவர், ஒன்பதாம் வகுப்பில் இருக்கவேண்டியவர்கள், ஆடு மேய்க்கும் கோலைக் கையில் வைத்திருந்தனர். அந்தி மயங்கும் வேளையில் ஆறு மைல் காட்டுவழியே பெண் குழந்தைகளை நடக்கவிட எந்தத் தாய்தான் ஒருப்படுவாள்?

அந்த "வசூல்" என்னும் சொல் எம்முடன் கல்லூரிவரை கூடவே வந்துவிட்டது. கணக்கு எழுதுவோரோடு எமக்குச் சண்டை இல்லை. எண்ணெய் விலையும் டயர் விலையும் ஓட்டுநர் சம்பளமும் காற்றிலிருந்து வருவன அல்ல என்பதை யாமும் அறிவோம். ஆயினும் ஓர் ஐயம் எம்மை விடவில்லை. ஒதுங்கிய ஊர்களுக்கு முதன்முதல் மோட்டார் வண்டி சென்றது எதனால்? அவ்வூரார் கொடுத்த டிக்கெட்டுக் காசை நம்பியா? அவ்வாறாயின் அது ஒருநாளும் சென்றிராது. உலகின் பல பாகங்களில், மோட்டார் வண்டி காட்டூருக்குள் நுழைந்தது தபாற்பையின் துணைகொண்டே. பைக்கு ஓர் இடம் வேண்டும். பையை ஏற்றியது போக வண்டியில் மிச்ச இடம் இருந்தது. அதிலே பிரயாணி உட்கார்ந்தான். இம்முறைமை இன்று மறந்துபோன ஒன்று. அதை நினைவூட்டுவதே எமது நோக்கம்.

மோட்டாருக்கு முன்னிருந்த நிலையை ஒரு சொல்லில் கூறிவிடலாம். நம் தேசத்தில் தபால் ஓட்டக்காரன் இருந்தான். மணி கட்டிய ஈட்டியைத் தோளிற் சாத்திக்கொண்டு, ஒரு கட்டம் ஓடி, அடுத்தவனிடம் பையைக் கொடுத்துத் திரும்புவான். மணியோசை காட்டு விலங்கை விலக்கவும், வழியில் உள்ளாரை ஒதுங்கச் செய்யவும் பயன்பட்டது. அவன் தோளில் பிரயாணி ஏறமுடியாது. குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடிய நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கே தபாலும் மனிதனும் ஒரே வண்டியிற் சென்றார்கள். இந்த வேறுபாடு சிறியதன்று.

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்வோம். 1849-இல் அந்நாட்டின் பல மாகாணங்களின் தபால் நிருவாகங்கள் ஒன்றாக்கப்பட்டுக் கூட்டாட்சித் தபால் இலாகா அமைந்தபொழுது, கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமையோடு, குறித்த நேரத்தில் குறித்த வழியே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையும் அவ்விலாகாவுக்கே அளிக்கப்பட்டது. அதாவது, மனிதரை ஏற்றிச் செல்வதே தபால் வேலையின் ஒரு பகுதி என அந்நாட்டார் கருதினர். கொத்தார்டுக் கணவாயில் ஐந்து குதிரைகள் பாய்ந்திறங்க, ஒரு கன்றுக்குட்டி முன்னே மிரண்டோடும் தபால் வண்டியை ருடால்ப் கொல்லர் என்னும் ஓவியர் 1873-இல் வரைந்தார். ஒன்பதே ஆண்டுகளில், 1882-இல், அம்மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைந்தபின் அந்த வண்டியின் பெருமை மங்கிற்று. ஆனால் இருப்புப்பாதை எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் செல்லுமா? பெரிய பள்ளத்தாக்கின் வாயிலில் நின்றுவிடும். மேலே உள்ள ஊர்களுக்குக் குதிரைகளே கதி.

1906 ஜூன் 1-ஆம் தேதி, பெர்ன் நகரத்திலிருந்து டெட்லிகன் என்னும் ஊருக்கு முதல் தபால் மோட்டார் புறப்பட்டது. அது மலைவழியும் அன்று. நீண்ட வழியும் அன்று. அக்காலத்து மோட்டார் வண்டியின் திறமும் பெரிதன்று. மலைக் கணவாய்களில் ஏறும் வல்லமை அதற்கு முதல் உலகப்போரின் பின்னரே வாய்த்தது. போர் முடிந்தபின் சேனைக்குத் தேவையற்றுப்போன சௌரர் லாரிகள் பலவற்றைத் தபால் இலாகா வாங்கி, மேற்கூரையைச் சுருட்டி மடிக்கத்தக்க திறந்த பஸ்களாக மாற்றிற்று. 1919-இல் சிம்ப்ளோன் கணவாயில் தபால் மோட்டார் ஓடத் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கொத்தார்டு, ஃபுர்கா, கிரிம்சல் ஆகிய கணவாய்களும் குதிரைகளுக்கு விடைகொடுத்தன. பீரங்கிக்கு வேண்டியவற்றைச் சுமந்த வண்டி கிழவியின் கடிதத்தைச் சுமக்கலாயிற்று என்பதை எண்ணுங்கால் எமக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைக்கவேண்டுவதில்லை.

ஆயினும் இந்நாட்டின் வரலாற்றில் எம்மை மிகவும் கவர்ந்தது மோட்டாரை ஏற்றுக்கொண்டவர்கள் கதையன்று, மறுத்தவர்கள் கதை. கிழக்கே உள்ள கிரௌபுண்டன் என்னும் மலைமாகாணம் 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தன் சாலைகள் அனைத்திலும் மோட்டார் வண்டி செல்லலாகாதென்று தடைவிதித்தது. அத்தடை இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. நீக்கவேண்டுமென விரும்பினோர் மீண்டும் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தினர். ஜனங்கள் மீண்டும் மீண்டும் மறுத்தனர். பத்து வாக்கெடுப்புகள் நடந்தபின், 1925 ஜூன் மாதத்தில்தான் தடை நீங்கிற்று. இடைக்காலத்தில் அம்மாகாண எல்லையை அடைந்த செல்வர் தம் வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, முன்னே குதிரையைப் பூட்டி இழுப்பித்துச் சென்றனர். இதைக் கேட்டு நகைத்தோர் பலர். மலைவாசிகள் மூடர், நாகரிகத்தின் பகைவர் என்று இன்றும் சிலர் எழுதுவர்.

யாம் அவர்களை மூடர் என்று எண்ணவில்லை. அவர்கள் கண்டது யாது? சாலையோ குறுகலானது. அதை அமைத்தவர்களும் செப்பனிட்டவர்களும் அவர்களே. அதில் வைக்கோல் ஏற்றிய வண்டியும் பசுக்கூட்டமும் சென்றன. திடீரென வளைவிலே ஓர் இயந்திரம் முழக்கத்தோடு தோன்றி, குதிரையை மிரட்டி, புழுதியை வாரி வீட்டுச் சன்னல்களிலும் உலர்த்திய புல்லிலும் இறைத்துவிட்டு மறையும். அதில் அமர்ந்திருப்பவர் வேற்றூர்ச் செல்வர். அவர் அவ்வூரில் இறங்குவதுமில்லை, ஒரு காசு செலவிடுவதுமில்லை. மேலும், அம்மாகாணம் தன் இருப்புப்பாதைக்குப் பெரும் பொருளைச் செலவிட்டிருந்தது. மோட்டார் அதன் வருவாயைக் குறைக்குமென்ற அச்சமும் உண்டு. ஆதலின் மறுத்தனர். ஆனால் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று: தடை முற்றும் நீங்குமுன்னரே சில வழிகளில் தபால் மோட்டாருக்கு இடங்கொடுத்தனர். இயந்திரம் ஒன்றே, புழுதியும் ஒன்றே. வேறுபாடு எங்கே? செல்வனுடைய வண்டி ஊரைக் கடந்து போயிற்று; தபால் வண்டி ஊருக்கு வந்தது. ஒரு வண்டி யாருக்காக ஓடுகிறது என்னும் வினாவை எழுப்பத் தெரிந்த ஜனங்களை மூடர் என்பது தகுமா?

தபால் மோட்டாருக்கு அந்நாட்டார் அளித்த மரியாதையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. அதன் மஞ்சள் நிறம் தூரத்திலேயே தெரியும். அதன் ஊதுகுழல் மூன்று சுரம் உடையது. ரோசினி இயற்றிய "வில்லியம் டெல்" இசைநாடகத்தின் முகப்பிசையினின்றும் 1920-களில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கண்மறைந்த வளைவுகளில் அக்குழல் ஒலித்தால் எதிரே வருவோர் ஒதுங்கவேண்டும். நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்து நாட்டிய மலைச்சாலைகளில், எதிர்ப்படும் வண்டியைப் பின்னே செலுத்துமாறு தபால் பஸ்ஸின் ஓட்டுநர் பணிக்கலாம், பணித்தால் கேட்டாகவேண்டும். விலையுயர்ந்த கார் வைத்திருப்பவனும் அந்த ஓட்டுநர் கைகாட்டும் இடத்திற்குப் பின்னடைகிறான். இது இன்றும் நடைமுறையில் உள்ளது. நம் ஊர்ச் சாலைகளில் பஸ் ஓட்டுநரை நோக்கிக் காரோட்டிகள் சொல்லும் சொற்களை எண்ணிப் பார்ப்பவர்க்கு இதன் அருமை விளங்கும். குதிரையும் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. ஆவர்ஸ் என்னும் உயர்ந்த பள்ளத்தாக்கில் கடைசிக் குதிரைத் தபால் 1961-ஆம் ஆண்டுவரை ஓடிற்று. மனிதன் வானவெளியைச் சுற்றிவந்த ஆண்டும் அதுவே.

மலையை விட்டுப் பாலைக்குச் செல்வோம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், இருப்புப்பாதை நிலையமாயிருந்த மாரீ என்னும் ஊரிலிருந்து வடக்கே பர்ட்ஸ்வில் என்னும் ஊர்வரை ஏறத்தாழ 320 மைல் நீளமுள்ள தடம் ஒன்று உண்டு. ஒருபுறம் மணற்குன்றுகள், மறுபுறம் கல்பரந்த வெளி. இடையிடையே கால்நடைப் பண்ணைகள் சில; ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் வழி. முற்காலத்தில் ஆப்கானியர் எனப் பொதுப்பெயர் பெற்ற ஒட்டகக்காரர்கள் இப்பகுதிக்குச் சரக்குக் கொண்டுசென்றனர். மாரீயில் அவர்கள் கட்டிய தொழுகையிடமும் பேரீச்ச மரங்களும் இருந்தன. இத்தடத்தில் 1936-ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தபால் லாரி ஓட்டியவர் டாம் குரூஸ் என்பவர். அவருடைய லேலண்டு பாட்ஜர் லாரி அந்நாட்டிற் புகழ்பெற்றது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அவர் சென்று வந்தார்.

அவர் ஏற்றிச் சென்றவற்றில் கடிதம் ஒரு சிறு பங்கே. மாவு மூட்டை, எண்ணெய்ப் பீப்பாய், மருந்து, இயந்திர உறுப்பு, சில வேளைகளில் சுமைகளின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் பிரயாணிகள் என்று அந்த லாரி ஓர் ஊரையே சுமந்துசெல்லும். மணற்குன்று எதிர்ப்பட்டால் நெடிய இரும்புத் தகடுகளை இறக்கிச் சக்கரங்களின் கீழ் இடுவார். அவற்றின்மேல் சில அடி தூரம் லாரி ஏறும். பின்னே கிடக்கும் தகடுகளைத் தூக்கிவந்து மீண்டும் முன்னே இடுவார். ஒரு குன்றைக் கடக்க இவ்வாறு எத்தனை முறை குனிந்து நிமிர்ந்திருப்பார் என்று கணக்கிட எமக்குத் துணிவில்லை. கூப்பர் ஓடை பல ஆண்டுகள் வறண்டே கிடக்கும். பெருகினாலோ கடல்போற் பரவும். 1949-இல் அவ்வாறு பெருகியபொழுது சுமைகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கவேண்டியதாயிற்று. வழியில் லாரி பழுதுபட்டால் பழுது பார்ப்பவரும் அவரே. பர்ட்ஸ்வில் ஊரில் 1923 முதல் ஒரு மிஷன் மருத்துவ விடுதி இருந்தது. அங்கே பணிசெய்த செவிலியருக்கு வெளியுலகோடு இருந்த நிலவழித் தொடர்பு பெரிதும் இத்தடமே. 1954-இல் ஜான் ஹேயர் என்பவர் இப்பயணத்தைத் திரைப்படமாக எடுத்தார். அது வெனிஸ் நகரத் திரைவிழாவிற் பெரும்பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில் அரசாங்கம் குரூஸுக்குப் பட்டம் அளித்தது. கைவிடப்பட்டுப் பாலையில் துருவேறிக் கிடந்த அவருடைய லாரியைப் பிற்காலத்தார் மீட்டுச் செப்பனிட்டு, 1999-இல் அவரையே ஓட்டச் செய்து அத்தடத்தில் மீண்டும் ஒருமுறை தபால் கொண்டுசென்றனர். அவர் 2011-இல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் இறந்தார்.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவரது வீரத்தையே புகழ்வர். வீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் எமது கண்ணுக்கு முதலில் தெரிவது வீரமன்று, ஒப்பந்தம். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை போயே தீரவேண்டும் என்று எழுதிய ஒரு தாள் இருந்தது. அதற்கெனத் தபால் இலாகா பொருள் கொடுத்தது. அந்தத் தாள் இல்லையெனில் 320 மைல் மணலில் உள்ள சில பண்ணைகளின் மாவு மூட்டைக்காக எந்த வியாபாரி லாரி அனுப்புவான்? ஓர் ஆண்டில் மழையில்லாமற் பண்ணைகள் வறுமையுற்றால், அவ்வாண்டில் வியாபாரியும் நின்றுவிடுவான். தபாற்பையோ வறுமையை நோக்கி நிற்பதில்லை. பையோடு மாவும், மாவோடு மருந்தும், மருந்தோடு மனிதனும் சென்றான். பை நின்றால் எல்லாம் நின்றிருக்கும்.

நம் பக்கத்து வரலாறு சற்று வேறுபட்டது. 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபொழுது அது தனியார் முயற்சியே. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த அவர், வக்கீல் தொழிலையும் ரயில்வே உத்தியோகத்தையும் விட்டு இத்துறையில் இறங்கியவர். பஸ் வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று தென்பாண்டி நாட்டார் சொல்லுமளவு அவ்வண்டிகள் காலந்தவறாது ஓடின. மாட்டு லாடத்தினின்றும் உதிர்ந்த ஆணிகள் டயர்களைக் குத்திக் கெடுத்தமையால், காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையிற் செலுத்தி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது இன்றும் முதியோர் சொல்லி மகிழும் செய்தி. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது கரிவாயுவைக் கொண்டு பஸ்களை ஓட்டினர். 1972-இல் அத்தடங்கள் அரசாங்கக் கழகத்தின் கைக்கு மாறின. தனியார் முயற்சியாலும் ஒழுங்காக நடத்தமுடியும் என்பதற்கு இது சான்று. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவ்வண்டிகள் ஓடியது பெரும்பாலும் ஜனநெருக்கமுள்ள ஊர்களுக்கிடையே. ஆறு மைல் உள்ளே ஒதுங்கிய புளியந்தோப்பு ஊரின் வினாவுக்கு அது முழு விடையன்று.

கோடைக்கானலையும் ஒரு சொல் கூறவேண்டும். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் அம்மலையில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில், அடிவாரத்திலிருந்து மேலே செல்லக் குதிரையோ, டோலியோ, சொந்தக் காலோதான் வழி. டோலியிற் சென்றவர்கள் எழுதிவைத்த நினைவுகள் பல. டோலியைச் சுமந்தவர்கள் எழுதிவைத்தது ஒன்றுமில்லை. 1910-களில் லா என்னும் மேஜர் அமைத்த மலைச்சாலை வந்தபிறகே மோட்டார் ஏறிற்று. தோளினின்றும் அச்சுமையை இறக்கியது எந்த அறவுரையும் அன்று, இயந்திரமே என்று சொன்னால் எம் நண்பர் சிலர் வருந்தக்கூடும்.

இந்தியாவிலும் ஓட்டக்காரனும் டோங்காவும் சென்ற வழிகள் பலவற்றில் பின்னர் மோட்டார் வண்டியே தபாலை ஏற்றுச் சென்றது. பஸ்ஸின் பின்பெட்டியில் தபாற்பை செல்வதை யாம் யாவரும் கண்டிருக்கிறோம். ஆனால் இங்கே பை விருந்தாளி, பஸ்ஸே வீட்டுக்காரன். ஸ்விட்ஸர்லாந்தில் நேர்மாறு. விருந்தாளி தரும் காசு சிறிது. பஸ் நின்றால் அவன் வேறு வழி தேடிக்கொள்வான்; சைக்கிளிற் போவான். ஆகவே பையினால் பஸ் பிழைக்கும் நிலை நம்மிடம் வேரூன்றவில்லை என்பது எமது கருத்து.

வேரூன்றிய இடத்திலும் அது பட்டுப்போனதுண்டு. பிரிட்டனில் 1960-களில் கிளை ரயில்பாதைகள் பல மூடப்பட்டன; நாட்டுப்புற பஸ்களும் குறைந்தன. அதனை ஆராய்ந்த குழு ஒன்று 1961-இல் தெரிவித்த யோசனைகளுள், தபால் வண்டியிற் பிரயாணிகளை ஏற்றலாம் என்பதும் ஒன்று. 1967-இல் வேல்ஸ் நாட்டில் லாங்கூரிக் என்னும் ஊருக்கும் லானிட்லோஸ் என்னும் ஊருக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று; அடுத்த ஆண்டில் ஸ்காட்லாந்திலும் தொடங்கிற்று. பின்னர் இருநூறுக்கு மேற்பட்ட தடங்கள் உண்டாயின. சிவப்பு நிறச் சிறு வண்டி. தபால்காரரே ஓட்டுநர், அவரே டிக்கெட்டுக் கொடுப்பவர். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நின்று கடிதம் கொடுத்துச் செல்வதால் வேகம் குறைவு. காலையில் மிக முன்னதாகப் புறப்படும். திரும்புங்காலம் தபால் சேகரிப்பதற்கு ஏற்றவாறு அமையும். சந்தைக்குப் போகிறவளுக்கு அந்நேரம் ஒத்துவந்தது. வேலைக்குப் போகிறவனுக்கு ஒத்துவரவில்லை. குறை உண்டு என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம். எனினும் வேறொன்றும் இல்லாத இடத்தில் அது இருந்தது. தபால் வேலை தனி, பிரயாண வேலை தனி, ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே நேர்செய்துகொள்ளவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றபோது தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 2017-ஆம் ஆண்டோடு அவ்வண்டிகளின் கதை முடிந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டும் நட்டமே. சேர்ந்திருந்தபோது ஒரே எண்ணெயில் இரண்டு வேலை நடந்தது என்பது எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

எம்மை மறுப்போர் சொல்லக்கூடியதை யாமே சொல்லிவிடுகிறோம். கடிதமே அருகிவரும் காலத்தில் தபாற்பையைப் பற்றிப் பேசுவது ஏன்? உண்மைதான். டென்மார்க்கு நாட்டின் தபால் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு முடிவோடு கடிதம் வழங்குவதையே நிறுத்திவிட்டது. ஸ்விட்ஸர்லாந்தின் மஞ்சள் பஸ்களும் இன்று பெரும்பாலும் பை சுமப்பதில்லை. பொதுப்பணத்தின் உதவியால் ஓடுகின்றன. அதிலும் குற்றம் இல்லாமல் இல்லை. வந்த இலாபத்தைக் கணக்கில் மறைத்து, உரியதற்கு மேல் அரசாங்க உதவி பெற்றனர் என்பது 2018-இல் வெளிப்பட்டது. தலைமை அதிகாரி பதவி விலகினார். பெற்ற பொருளைத் திருப்பித் தரநேர்ந்தது. பொதுப்பணம் செல்லும் இடமெல்லாம் விளக்கேற்றி வைக்கவேண்டும் என்பதை யாமும் ஒப்புகிறோம். ஆயினும் அந்நாட்டார் என்ன செய்தனர்? திருப்பி வாங்கினர், வண்டியை நிறுத்தவில்லை. கணக்கில் பொய் எழுதியவர் தவறுக்காகப் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள கிழவனைச் சந்தைக்கு நடக்கச் செய்யவில்லை.

கடிதம் போனால் போகட்டும். பை என்பது எமக்கு ஒரு பெயரே. முற்காலத்தில் அரசு தன் குடிகள் யாவரையும் எட்டவேண்டுமென்று கருதி அனுப்பியது பை. அதன் பக்கத்தில் இடம் கிடைத்ததனால் மனிதன் பிழைத்தான். இக்காலத்தில் அரசு அவ்வூர்களுக்கு அனுப்பவேண்டியன வேறு பல உள. தடுப்பூசிப் பெட்டி செல்கிறது, சத்துணவுப் பொருள் செல்கிறது, முட்டை செல்கிறது, பாடநூல் செல்கிறது, தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டியும் செல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இலாகா, ஒவ்வோர் இலாகாவுக்கும் ஒவ்வொரு வாடகை ஜீப். நாம் சென்றிருந்த ஊரில், மாலை பஸ்ஸுக்கு வசூல் இல்லையென்று நின்ற நாலு திங்களில், ஒரே கிழமையில் மூன்று வேறு ஜீப்புகள் வெறும் பின்னிருக்கையோடு வந்து திரும்பியதை மாணவர் எண்ணினர். அம்மூன்றின் எண்ணெய்க் காசையும் ஒரே பையில் இட்டு, அந்தப் பையை மாலை பஸ்ஸிலே ஏற்றினால் என்ன என்பதே எமது வினா. இலாகாக்கள் ஒன்றோடொன்று பேசா என்று எமக்கு அனுபவமுடைய நண்பர் ஒருவர் சொன்னார். சேனையின் லாரியும் தபால் இலாகாவும் ஒருநாள் பேசியிருக்கின்றன, இவை பேசக்கூடாதா?

அவ்வூரார் முன்னரே இரண்டு மனுக்கள் அனுப்பியிருந்தனர். இரண்டிலும் தம் துன்பத்தையே எழுதியிருந்தனர். மூன்றாவதை எழுத எம் மாணவர் உதவினர். இம்முறை துன்பத்தைக் குறைத்துக்கொண்டு, நிற்காமல் எஞ்சியுள்ள காலை பஸ்ஸில் ஒரு கிழமையிற் சென்றவற்றை ஊர்ப்பிள்ளைகளைக் கொண்டே எண்ணிச் சேர்த்தனர். பிரயாணிகள் 214 பேர், பால் கேன்கள் 63, கிளைத் தபாலாபீஸின் பை ஆறு முறை, மல்லிகைக் கூடைகள் 19, டவுன் ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டு கண்டக்டர் கையிற் கொடுத்தனுப்பியது ஒன்பது முறை, பழுது பார்க்கச் சென்ற மோட்டார் பம்பு ஒன்று, ஆட்டுக்குட்டிகள் நான்கு, மூக்குக் கண்ணாடி ஒன்று. கடைசியில் உள்ளதை எடுத்துவிடலாம் என்று யாம் சொன்னோம். எழுதிய மாணவன் இசையவில்லை. அது அந்தத் தேநீர்க்கடைப் பெரியவருடையது. டவுனுக்குப் போய் மீண்டு வந்தபின்னரே அவர் மனுவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். மனுவும் காலை பஸ்ஸிலேயே போயிற்று. மாலை பஸ் இருந்திருந்தால் ஒரு நாள் முன்னதாகப் போயிருக்கும். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.